சிங்கப்பூரின் சாப்பாட்டு மேசைகள்



கடல் கடந்து போன பிள்ளையோடு தொலைபேசியில் பேசும் ஒரு தாய் முதலில் என்ன கேட்கிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? சம்பளம் வந்ததா என்று தகப்பன் கேட்பார். வேலை எப்படி என்று மாமன்மார் கேட்பார்கள். தாய் மட்டும், "சாப்பிட்டியா மகன்?" என்றுதான் தொடங்குவாள்.

எனது தங்கையும் அப்படித்தான். அவளுடைய ஒரே மகன், அதாவது எனது மருமகன், இரண்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரையும் வேலை செய்கிறான். இம்முறை பாடசாலை விடுமுறையில் நானும் எனது மனைவியும் ஒரு வாரம் அங்கே போய்வரத் தீர்மானித்தோம். புறப்படுவதற்கு முதல் நாள் தங்கை வந்தாள். கையில் ஒரு போத்தல் சீனிச் சம்பல், ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள், கண்ணிலே கொஞ்சம் ஈரம்.

"நானா, புள்ள அங்க என்னத்தத் தின்றானோ தெரியா. ஹலாலான சாப்பாடுதானா என்று ஒருக்கா உங்கட கண்ணால பாத்துட்டு வாங்க" என்றாள்.

மற்றவர்கள் சிங்கப்பூருக்குப் போனால் உயர்ந்த கட்டடங்களைப் பார்ப்பார்கள், கடைத்தொகுதிகளைப் பார்ப்பார்கள். எங்கள் பயணமோ தங்கையின் இந்த ஒரு வார்த்தையால் சாப்பாட்டு மேசைகளைப் பார்க்கும் பயணமாகிவிட்டது. ஏழு நாட்களில் நாங்கள் கண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பலருடைய பிள்ளைகளும் கணவன்மாரும் இப்படியொரு பெரு நகரத்தில் இருக்கக்கூடும்.

தேக்கா

மருமகன் வாடகைக்கு இருக்கும் அறை சிராங்கூன் வீதிக்குப் பக்கத்தில். லிட்டில் இந்தியா என்று சொல்லப்படும் பகுதி அது. ரயிலை விட்டு வெளியே வந்ததும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், மல்லிகைப் பூக்கடைகள், கறி மணம். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்றல்லவா? "இது வெளிநாடுதானா?" என்று எனது மனைவி கேட்டே விட்டாள்.

அன்றிரவு மருமகன் எங்களைத் தேக்கா நிலையத்துக்கு அழைத்துப் போனான். 1982 முதல் இருந்துவரும் இந்தக் கட்டடத்தில் ஒரு பக்கம் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் சந்தை. மறு பக்கம் வரிசை வரிசையாகச் சிறு சிறு சாப்பாட்டுக் கடைகள். நடுவில் எல்லாருக்கும் பொதுவான மேசைகள். இவற்றை அங்குள்ள தமிழர்கள் உணவங்காடி நிலையம் என்கிறார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்னொரு காலத்தில் சிங்கப்பூரின் வீதியோரமெங்கும் தள்ளுவண்டியிலும் காவடித் தட்டிலும் உணவு விற்றார்கள். 1968, 1969 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் இவர்களைப் பதிவு செய்தபோது ஏறக்குறைய 18,000 பேர் இருந்தார்கள். பின்னர் குழாய்த் தண்ணீரும் வடிகாலும் உள்ள கட்டடங்களைக் கட்டி, 1986 ஆம் ஆண்டளவில் அத்தனை பேரையும் உள்ளே கொண்டுவந்து விட்டார்கள். இன்று 110க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் சகோதரிகளே, நமக்கு இங்கே ஒரு கவனம் தேவை. ஒரே கூரையின் கீழ் பிரியாணிக் கடையும் இருக்கும், பன்றி இறைச்சி விற்கும் கடையும் இருக்கும். பானம் விற்கும் கடையில் பியர் போத்தலும் இருக்கும். எங்கள் மேசைக்கு அடுத்த மேசையிலேயே இருவர் பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் நான்கு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அப்படியென்றால் ஹலாலை எப்படி அறிவது? மருமகன் ஓர் ஆசிரியரைப் போல எங்களுக்குச் சொல்லித் தந்தான். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. சான்றிதழ் அந்த நிலையம் முழுவதற்கும் உரியதல்ல. தனித்தனிக் கடைக்கு உரியது. அதைக் கடையின் முன்னால் தொங்கவிட்டிருப்பார்கள். அதில் முடிவுத் திகதியும் இருக்கும். திகதியைப் பார்க்க வேண்டும். சான்றிதழ் பெற்ற உணவகத்தில் மது பரிமாற முடியாது.

சில கடைகளில் "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கும். இதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பன்றி இல்லாவிட்டாலும் கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா என்பது தெரியாது. சீனச் சமையலிலும் ஜப்பானியச் சமையலிலும் இறைச்சியின் வாடையைப் போக்க அரிசி மதுவை ஊற்றுவது வழக்கம். வெளிநாடு போகும் உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் தட்டை நாமே எடுத்துக்கொண்டு போய் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம். தட்டு வைக்கும் இடத்திலும் ஹலால் தட்டுக்கு ஒரு தட்டி, மற்றதற்கு வேறொரு தட்டி. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் ஒரு நாட்டில் கழுவும் தட்டு வரைக்கும் இந்தக் கவனிப்பைக் கண்டபோது மனம் குளிர்ந்தது. தங்கைக்கு உடனே சேதி அனுப்பினேன்: "கவலைப்படாதே, பிள்ளை ஹலாலாகத்தான் சாப்பிடுகிறான்."

அவசரப்பட்டு விட்டேன் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கேலாங் சிராய்

மறுநாள் வியாழக்கிழமை, மருமகன் வேலைக்குப் போன பிறகு, நாங்கள் இருவரும் கேலாங் சிராய்ச் சந்தைக்குப் போனோம். இது மலாய் மக்களின் பகுதி. மேல் மாடியில் சாப்பாட்டுக் கடைகள். பெரும்பாலும் பெண்களே நடத்துகிறார்கள். முந்தானை போட்ட உம்மாமார் கரண்டியோடு நிற்பதைப் பார்த்ததும் எனது மனைவிக்குக் கூச்சம் பறந்துவிட்டது. மொழி தெரியாமலே பேசத் தொடங்கிவிட்டாள்.

எப்படி முடிந்தது என்கிறீர்களா? "சம்பல்" என்றாள், புரிந்தது. நமது நாட்டின் மலாய் மக்கள் ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களோடு வந்த சொற்கள் நமது அடுப்படியிலும் இருக்கின்றனவே! ஒரு கடையில் பாணுக்குப் பூசும் பச்சை நிறப் பாகு ஒன்றைச் சுவைக்கக் கொடுத்தார்கள். காயா என்பது பெயர். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ரம்பை இலை சேர்த்துக் காய்ச்சுவது. மனைவி நாக்கில் வைத்த உடனேயே, "இது நம்மட வட்டிலப்பத்தின்ர தங்கச்சி" என்றாள். கருப்பட்டிக்குப் பதில் சீனி. ஏலக்காய்க்குப் பதில் ரம்பை. வேறு வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை.

கடைக்காரப் பெண் சோற்றை வைத்துவிட்டுத் தனது முழங்கையால் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள், சாப்பிடுங்கள் என்ற பாவனையில். அந்த முழங்கையை நமது உம்மாமாரிடம் நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

ஆற்றங்கரையில் ஒரு வெள்ளி இரவு

வெள்ளிக்கிழமை மாலை மருமகன் தொலைபேசி எடுத்தான். குரல் தடுமாறியது. "மாமா, இண்டைக்கு நான் வரச் சுணங்கும். நீங்க சாப்பிடுங்க" என்றான். ஏன் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு உண்மையைச் சொன்னான்.

ஒவ்வொரு வெள்ளி இரவும் அலுவலகத்தார் வேலை முடிந்து ஆற்றங்கரைக்குப் போவார்களாம். போட் கீ என்று அந்த இடத்துக்குப் பெயர். அவர்கள் குடிப்பார்கள், இவன் தேசிக்காய்த் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பான். ஏறக்குறைய ஒரு வருடமாக இது நடக்கிறது. "நான் ஒரு நாளும் தொட்டில்ல மாமா, அல்லாஹ் மேல சத்தியம்" என்றான். நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

"இன்றைக்கு அவர்களிடம் வரவில்லை என்று சொல். ஆனால் அந்த இடத்தை எங்களுக்குக் காட்டு" என்றேன். ஒரு மௌலவி மதுச்சாலைத் தெருவைப் பார்க்கப் போவதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதை அறியாமல் அவனுக்கு நான் என்ன புத்தி சொல்வது?

மஃரிபுக்குப் பின் போனோம். ஆற்றின் வளைவை ஒட்டிப் பழைய மாடிக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. பின்னால் வானத்தை மறைக்கும் வங்கிக் கட்டடங்கள். தண்ணீர் ஓரமாக மேசைகள், விளக்குகள், சிரிப்பு, கிளாஸ் மோதும் ஓசை. உணவுப் பட்டியலை நீட்டிக்கொண்டு பரிசாரகர்கள் வழிமறித்து அழைக்கிறார்கள். நமது ஊர்த் தவறணையின் இருட்டும் துர்நாற்றமும் அங்கே இல்லை. எல்லாம் அழகாக இருக்கிறது. இளைஞனுக்கு ஆபத்து என்று உணரவே முடியாதபடி அழகாக இருக்கிறது.

அந்தக் கரையின் கதையை அறிந்தால் மனம் இன்னும் கனக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி இந்த ஆற்றில் ஓடிய படகுகளில் வேலை செய்தவர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள். சூலியாக்கள் என்று அவர்களை அழைத்தார்கள். பக்கத்தில் இன்றும் சூலியா வீதி இருக்கிறது. 1977 முதல் 1987 வரை அரசாங்கம் ஆற்றைச் சுத்தம் செய்தது. 1983 இல் சரக்குப் படகுகள் அகற்றப்பட்டன. அதன்பின் பழைய கிடங்குகள் உணவகங்களாகவும் மதுச்சாலைகளாகவும் மாறின.

படகோட்டிகள் உடல் நோக உழைத்தவர்கள். ஊரையும் பிள்ளைகுட்டிகளையும் விட்டு வந்தவர்கள். அவர்களுடைய சமூகம் முதலில் என்ன செய்தது தெரியுமா? சௌத் பிரிட்ஜ் வீதியில் 1826 இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். தெலுக் ஆயர் வீதியில் 1827 இல் ஒரு குடிசைப் பள்ளி. குச்சுப் பள்ளி என்றே பெயர். அதே வீதியில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா. இவை மூன்றும் ஆற்றங்கரையிலிருந்து நடந்து போகும் தூரம். தொழுகைக்கு மட்டுமா? ஊர்க்காரனைச் சந்திக்கவும், ஊர்ச் சேதி கேட்கவும், தனிமை தீரவும் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

குச்சுப் பள்ளி இருந்த இடத்தில் இன்று அல் அப்ரார் பள்ளிவாசல் நிற்கிறது. இஷாவை அங்கே தொழுதோம். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது மருமகனிடம் கேட்டேன்: "உனக்குப் பிடிக்காத இடத்துக்கு ஏன் போகிறாய்?"

இரண்டு காரணம் சொன்னான். "வேலை விஷயங்கள் அந்த மேசையிலதான் முடிவாகுது மாமா. போகாட்டி நமக்கு ஒன்றும் தெரிய வராது" என்பது ஒன்று. மற்றதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "வெள்ளி இரவு அறைக்குப் போனா, பேச ஆளில்ல."

எனது மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அரபுக் கல்லூரியில் படித்த சட்டமெல்லாம் நினைவுக்கு வந்தது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை மார்க்கம் எச்சரித்திருக்கிறது. கையில் தேசிக்காய்த் தண்ணீர் இருந்தாலும் அமர்ந்த இடம் அமர்ந்த இடந்தான். இதை அவனுக்குச் சொன்னேன். அவனும் அறிந்தே இருந்தான். ஆனால் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு விமானம் ஏறினால், அடுத்த வெள்ளி இரவு அவன் அறையில் பேச ஆள் வந்துவிடுவாரா?

தங்கை, "என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டாள். நானும் சான்றிதழைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். "யாரோடு சாப்பிடுகிறான்?" என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

கம்போங் கிளாம்

சனிக்கிழமை கம்போங் கிளாம் போனோம். 1822 இல் ஆங்கிலேயர் நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தபோது மலாயருக்கும் அரபியருக்கும் பூகிஸ் மக்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். அரபு வீதி, மஸ்கட் வீதி, பக்தாத் வீதி, கந்தஹார் வீதி, பஸ்ரா வீதி என்று பெயர்களைக் கேட்டாலே மனம் நிறையும். கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் இந்தப் பஸ்ரா வீதிப் பக்கத்தில்தான் ஹாஜிமார் தங்கியிருந்து கப்பல் ஏறுவார்கள்.

இன்று அதே பகுதியில் ஹாஜி லேன் என்ற சந்துக்குள் போனால், உடுப்புக் கடைகளுக்கும் கோப்பிக் கடைகளுக்கும் இடையே மதுச்சாலைகளும் இருக்கின்றன. ஹாஜியின் பெயரைத் தாங்கிய சந்தில் மதுக் கிளாஸ்! ஆனால் அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் வடபாலத்து வீதியில், 1908 முதல் முர்தபாக் போடும் ஸம்ஸம் உணவகம். மாவை விசிறி விசிறிக் கடதாசி போல மெல்லியதாக்கி, நடுவில் கொத்திய ஆட்டிறைச்சியும் முட்டையும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுடுகிறார்கள். மேல் மாடியில் குடும்பங்கள் நிறைந்திருந்தன. சீனர்களும் வெள்ளைக்காரரும் கூட வந்து ருசித்துச் சாப்பிடுகிறார்கள்.

எதிரே சுல்தான் பள்ளிவாசல். இப்போதிருக்கும் கட்டடம் 1932 இல் நிறைவு பெற்றது. அதன் பொன்னிறக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்புப் பட்டி ஒன்று ஓடுகிறது. கறுப்புக் கல் என்று நினைத்தேன். உற்றுப் பாருங்கள் என்றான் மருமகன். அத்தனையும் கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள்! பள்ளி கட்டும்போது பணக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். ஏழைகளும் தங்கள் பங்கைச் செலுத்த வேண்டும் என்பதற்காக அவர்கள் சேர்த்துக் கொடுத்த போத்தல்களை வாங்கி, குவிமாடத்தின் அடியிலேயே பதித்துவிட்டார்கள்.

முந்திய இரவு ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கான போத்தல்களைக் கண்ட கண்கள் அல்லவா? மூவரும் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். நான் எந்த உபதேசமும் செய்யவில்லை.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் மனிதத் தலைகள்தாம். கட்டட வேலை செய்யும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். 2013 டிசம்பரில் இதே இடத்தில் பஸ் விபத்தில் ஓர் இந்தியத் தொழிலாளி இறக்க, பெருங் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு அதற்கான காரணங்களில் மதுவும் ஒன்று என்றது. 2015 இல் வந்த சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்க முடியாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு இன்னும் அதிகம். சட்டம் போத்தலைத் தடுக்கலாம். அந்த மனிதர்களுக்கு ஒரு வீட்டுச் சாப்பாட்டைச் சட்டம் கொடுக்க முடியுமா?

டன்லப் வீதியில் அப்துல் கபூர் பள்ளிவாசல் இருக்கிறது. வாசலுக்கு மேலே சூரியனைப் போல் ஒரு வேலைப்பாடு. 25 கதிர்கள், ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர். லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, மருமகனுடைய கட்டடத்திலேயே மேல் மாடியில் வசிக்கும் தென்காசிப் பக்கத்து இளைஞர்கள் இருவரைச் சந்தித்தோம். இரண்டு வருடமாக ஒரே படியில் ஏறி இறங்குகிறார்கள். பெயர் கூடத் தெரியாது!

மனைவி தாமதிக்கவில்லை. "மூன்று பேரும் இன்றைக்கு என்னோடு சமைக்கிறீங்க" என்றாள். தேக்காச் சந்தையில் மீனும் பருப்பும் தேங்காயும் வாங்கினாள். சின்ன அடுப்படியில் ஒருவன் வெங்காயம் வெட்ட, ஒருவன் தேங்காய்ப் பால் பிழிய, மருமகன் சோற்றுப் பானைக்குக் காவல். தங்கை தந்த சீனிச் சம்பல் போத்தலை அன்றுதான் திறந்தோம். நிலத்தில் விரிப்பு விரித்து ஐந்து பேரும் உட்கார்ந்தோம். பருப்புக் கறியில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. இனி ஒவ்வொரு வெள்ளி இரவும் இந்த விரிப்புத்தான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

திங்கட்கிழமை மருமகன் தனது மேலதிகாரியான சீனரிடம் விஷயத்தைச் சொன்னான். "முன்பே சொல்லியிருக்கலாமே" என்றாராம் அவர். அடுத்த வாரம் அலுவலகத்தார் எல்லாரையும் பகல் உணவுக்கு முர்தபாக் சாப்பிட அழைத்துப் போயிருக்கிறான்.

எல்லாம் இனிப்பாகவே முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு நல்ல வேலைத் திட்டம் அவனுக்குக் கிடைக்காமல் வேறொருவருக்குப் போனது. அது ஆற்றங்கரை மேசையில் பேசப்பட்ட காரியமாம். "கவலையா?" என்று கேட்டேன். "கொஞ்சம் கவலைதான் மாமா. ஆனா வெள்ளி ராவு நல்லா நித்திரை வருது" என்றான். அவன் விட்டுக்கொடுத்ததற்கு அல்லாஹ் பகரம் தருவான், இன்ஷா அல்லாஹ்.

இப்போது தங்கை தொலைபேசி எடுத்தால், "சாப்பிட்டியா மகன்?" என்று கேட்டுவிட்டு, "யாரெல்லாம் இருக்காங்க?" என்றும் கேட்கிறாள். அவன் தொலைபேசியைத் திருப்பி விரிப்பைக் காட்டுகிறான். போன வெள்ளிக்கிழமை அதில் ஆறு தட்டுகள் இருந்தன.

சகோதரிகளே, இன்றிரவு உங்கள் பிள்ளையோடு பேசும்போது அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமானால், கோபப்படாமல் காத்திருங்கள்.